காகிதத்தில் 10 டன்... கிரேனில் 18 டன்!

கன்டெய்னர் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வையிடுகிறவர்களின் உலகம்

இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் உறங்கினாலும் கன்டெய்னர் முனையத்துக்கு உறக்கம் கிடையாது. மூன்று ஷிஃப்ட்டும் வேலைதான். கப்பலை ஒட்டிய வார்ஃப் மேடையில் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தலைக்கு மேலே, பல மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு கூண்டுக்குள் கிரேன் ஆபரேட்டர் குனிந்தபடியே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வேலை முழுவதும் காலடியில்தான் நடக்கிறது. நான்கு மூலைகளையும் கவ்விப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் என்ற இரும்புச் சட்டம் இறங்குகிறது, பெட்டியைப் பூட்டுகிறது, தூக்குகிறது.

கூண்டுக்குள் இருக்கும் திரையில் ஓர் எண் மின்னுகிறது: 18 டன். ஆனால் கீழே நிற்கும் சூப்பர்வைசரின் கையில் உள்ள பட்டியலில் அந்தப் பெட்டிக்கு நேராக இருப்பது 10 டன். கப்பலின் மேல்தளத்தில் நான்காம் அடுக்குக்குப் போகவேண்டிய பெட்டி அது. 'லேசான பெட்டி' என்று நம்பித்தான் அந்த இடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஏற்றுவதா, நிறுத்துவதா? யோசிக்க அரை நிமிடம்கூட இல்லை. நிறுத்தினால் கிரேன் நிற்கும், ட்ரெய்லர்கள் தேங்கும், கப்பல் புறப்படத் தாமதமாகும், ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். ஏற்றிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நடுக்கடலில் கப்பல் உருளும் வரைக்கும்.

இந்த வேலையின் சாரமே அந்த அரை நிமிடம்தான்.

மூட்டை தெரியும், பெட்டி தெரியாது

ஒருகாலத்தில் துறைமுகத்தில் சரக்கு கண்ணுக்குத் தெரிந்தது. செயற்கைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு சென்னையில் கப்பல்கள் கரைக்கு வரவே முடியாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகுகள்தான் அலைகளைத் தாண்டிப் போய்ச் சரக்கைக் கொண்டுவந்தன. பிறகு துறைமுகம் வந்தது, கிரேன் வந்தது. அப்போதும் மூட்டை மூட்டைதான், பீப்பாய் பீப்பாய்தான். தோளில் தூக்கிய தொழிலாளிக்கு அதன் எடை தெரியும். ஈரமா, கிழிசலா, ஒழுகுகிறதா என்பது மேஸ்திரியின் கண்ணுக்குப் பட்டுவிடும்.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கைக் கப்பலில் ஏற்ற அன்று டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. பெட்டியில் போட்டு ஏற்றியபோது 16 சென்ட்கூட ஆகவில்லை. உலக வணிகம் தலைகீழாக மாற அந்த ஒரு கணக்குப் போதும். சென்னைத் துறைமுகத்தில் தனி கன்டெய்னர் முனையம் 1983-இல் திறக்கப்பட்டது. 2001-இல் அதை இயக்கும் பொறுப்பு 30 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாருக்குப் போனது. தூத்துக்குடியில் 1999-இல் கன்டெய்னர் முனையம் வந்தது.

பெட்டி வந்ததும் வேகம் வந்தது, விலை இறங்கியது, திருட்டு குறைந்தது. கூடவே ஒன்று மறைந்தும் போனது: உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் கண். பூட்டி முத்திரையிட்ட பெட்டியைத் துறைமுகத்தில் நிற்பவர் திறக்க முடியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கதவில் எழுதிய எண், முத்திரையின் எண், கையிலுள்ள காகிதம். அந்தக் காகிதத்தை எழுதியவர் எங்கோ ஓர் ஊரில், எங்கோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறார்.

ஆறு இலக்க முகவரி

கப்பல் பெர்த்தில் கட்டப்படுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. முனையத்தின் பிளானர், கப்பலின் வரைபடத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இடம் ஒதுக்குகிறார். கப்பலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஆறு இலக்க முகவரி உண்டு. 140582 என்றால் முதல் இரண்டு இலக்கம் 'பே', அதாவது முன்னிருந்து பின்னாக எத்தனையாவது வரிசை என்பது. இரட்டைப்படை எண் என்பதால் அது 40 அடிப் பெட்டிக்கான இடம். ஒற்றைப்படை வந்தால் 20 அடி. அடுத்த இரண்டு இலக்கம் குறுக்கு வரிசை. நடுவிலிருந்து வலப்பக்கம் 01, 03, 05 என்றும், இடப்பக்கம் 02, 04, 06 என்றும் போகும். கடைசி இரண்டும் அடுக்கு. கப்பலின் வயிற்றுக்குள் 02, 04 என்று ஏறும். மேல்தளத்தில் பெரும்பாலும் 82-இலிருந்து தொடங்கும். ஆக 140582 என்பது பதினான்காம் பே, வலப்பக்கம் மூன்றாவது வரிசை, மேல்தளத்தின் முதல் அடுக்கு. அனுபவஸ்தர்கள் எண்ணைக் கேட்டதுமே இடத்தைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

திட்டம் போடுவது பிளானர். கப்பலின் பக்கம் அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டியவர் சீஃப் ஆபீசர். சரக்கு விஷயத்தில் கேப்டனுக்கு அடுத்த பொறுப்பு அவருடையது. வார்ஃபில் நின்று அதை நடத்திக்காட்டுவது ஷிஃப்ட் சூப்பர்வைசரும் ஃபோர்மேனும். அவர்களுக்குக் கீழே எண் சரிபார்க்கும் டாலி கிளார்க், கிரேன் ஆபரேட்டர், சிக்னல்மேன், பெட்டிகளைக் கப்பலோடு பிணைக்கும் லாஷிங் தொழிலாளர்கள், ட்ரெய்லர் ஓட்டுநர்கள். பழைய துறைமுகத் தொழிலாளிகளின் வாயில் இன்னும் 'ஆரியா' என்ற சொல் இருக்கிறது. இறக்கு என்று பொருள். கப்பலில் வந்திறங்கிய போர்ச்சுகீசியச் சொல் அது. தூக்கச் சொல்வதற்கு 'ஹபீஸ்'. வாக்கி-டாக்கி வந்தபின்னும் அவை முற்றிலும் போய்விடவில்லை.

திட்டத்தில் ஒரு பொன்விதி உண்டு. முதலில் இறங்கவேண்டியது மேலே, கடைசியில் இறங்கவேண்டியது கீழே. கேட்க எளிது. கொழும்பில் இறங்கவேண்டிய பெட்டி ஒன்று சிங்கப்பூர்ப் பெட்டிகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், மேலே இருப்பதையெல்லாம் எடுத்துக் கரையில் வைத்து, அதை எடுத்து, பிறகு மற்றவற்றைத் திரும்ப ஏற்ற வேண்டும். வரவில்லாத செலவு அது.

நேரக் கணக்கையும் பாருங்கள். ஒரு கிரேன் மணிக்கு சுமார் 25 பெட்டிகளைக் கையாளும். ஒரு கப்பலில் இறக்கவும் ஏற்றவும் 1,500 பெட்டிகள் இருந்து, மூன்று கிரேன் கிடைத்தால் 20 மணி நேரம். ஒரு கிரேன் பழுதானால் அதுவே 30 மணி நேரம். அதற்குள் அடுத்த கப்பல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும்.

தலையாட்டி பொம்மைக் கணக்கு

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அடியில் கனம் இருப்பதுதான் காரணம். கப்பலும் அப்படித்தான். கனமான பெட்டிகள் அடியில், லேசானவை மேலே. கிருஷ்ணகிரி கிரானைட் ஏற்றிய 20 அடிப் பெட்டி கப்பலின் வயிற்றுக்குள் போகும். திருப்பூர் பனியன் ஏற்றிய 40 அடிப் பெட்டி, பார்க்கப் பெரிதாக இருந்தாலும், மேல்தளத்துக்குப் போகும்.

அப்படியானால் அடியில் கனம் கூடக்கூட நல்லதுதானே? அங்கேதான் சூட்சுமம். அளவுக்கு மீறி அடிக்கனமான கப்பல் வெடுக்கென்று நிமிரும். அலையில் ஒவ்வொரு முறை சாயும்போதும் அப்படி வெடுக்வெடுக்கென்று ஆடினால், மேலே அடுக்கியிருக்கும் பெட்டிகளின் கட்டுகள் அறுந்துபோகும். அடிக்கனம் குறைந்தாலோ கப்பல் சோம்பலாகச் சாயும், நிமிர மறுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பாதையில்தான் சீஃப் ஆபீசரின் கணக்கு போகிறது. அந்தக் கணக்கு சரியாக வர, ஒவ்வொரு பெட்டியின் எடையும் சரியாக இருக்க வேண்டும்.

இறக்கும்போதும் இதே கவலைதான். ஒரு பக்கத்துப் பெட்டிகளை மட்டும் வேகவேகமாக எடுத்துவிட்டால் கப்பல் மறுபக்கம் சாயும். சில பாகை சாய்ந்தாலே போதும். உள்ளே பெட்டிகளை வழிநடத்தும் இரும்புத் தண்டவாளங்களுக்கு இடையில் பெட்டி சிக்கிக்கொள்ளும். மேலே இழுக்கிற கிரேனும் கீழே பிடித்துக்கொண்ட கப்பலும் மல்லுக்கு நிற்கும். அதனால்தான் கரையில் பெட்டி இறங்க இறங்க, கப்பலுக்குள் பாலாஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றியும் இறக்கியும் சமன் செய்துகொண்டே இருக்கிறார்கள். நல்ல சூப்பர்வைசர் அவ்வப்போது பெட்டியிலிருந்து கண்ணை எடுத்துக் கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆழக் குறிகளைப் பார்ப்பார். கப்பல் சொல்வதைக் கேட்பது அது.

பூட்டும் கையும்

பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கையளவு இரும்புத் துண்டு இருக்கிறது. பெயர் ட்விஸ்ட் லாக். மேல் பெட்டியையும் கீழ்ப் பெட்டியையும் மூலைக்கு மூலை பிணைப்பது அதுதான். மேல்தளத்தில் கீழ் அடுக்குகளை நீண்ட லாஷிங் கம்பிகளைக் குறுக்காகப் போட்டு, டர்ன்பக்கிள் என்ற திருகை முறுக்கி இறுக்குவார்கள். அந்தக் கம்பியைக் கையில் ஏந்தி, தலைக்கு மேலே இருக்கும் துளையில் மாட்டுவது மனிதக் கைதான். மழையில் வழுக்கும் தளம், இரவின் அரை வெளிச்சம், பெட்டி வரிசைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் சந்து. துறைமுக விபத்துகள் பற்றிப் பேசும் எவரும் லாஷிங் ஆட்களைத்தான் முதலில் நினைப்பார்கள்.

வேறு ஆபத்துகளும் உண்டு. ட்ரெய்லரில் பெட்டியைப் பிணைத்திருக்கும் பூட்டு ஒன்றைத் திறக்க மறந்துவிட்டால், கிரேன் பெட்டியோடு ட்ரெய்லரையும் சேர்த்துத் தூக்கும், ஓட்டுநர் உள்ளே இருக்கும்போதே. இறக்கிய பெட்டியிலிருந்து ஸ்ப்ரெடர் விடுபடும் முன் ஓட்டுநர் வண்டியை எடுத்தாலும் அதே கதை. தொங்கும் பெட்டிக்கு அடியில் யாரும் போகக்கூடாது என்ற விதி எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் பத்து நிமிடம் மிச்சப்படுத்த ஒரு குறுக்கு வழி தெரிந்தால் கால் தானாக அங்கே போகும். அந்தக் காலை நிறுத்துவதும் சூப்பர்வைசரின் வேலைதான்.

பொய் எடையின் விலை

2007 ஜனவரியில் 'எம்.எஸ்.சி. நாப்போலி' என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி உடைந்தது. கரை தட்டவைத்து, தளத்தில் மிஞ்சியிருந்த சுமார் 660 பெட்டிகளை எடுத்து எடைபோட்டார்கள். 137 பெட்டிகளில், அதாவது ஐந்தில் ஒன்றில், சொன்ன எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம்.

2011 ஜூனில் ஸ்பெயினின் அல்ஜெசிராஸ் துறைமுகத்தில் 'டெனெப்' என்ற சிறு கப்பல் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோதே, பெர்த்தில் கட்டியபடியே, மெல்லச் சாய்ந்து கவிழ்ந்தது. புயலும் இல்லை, மோதலும் இல்லை. பட்டியலில் இருந்த 168 பெட்டிகளில் 16 பெட்டிகளின் உண்மை எடை, சொன்னதைவிட 1.9 மடங்கு முதல் 6.7 மடங்கு வரை இருந்தது தெரியவந்தது. பத்தில் ஒரு பெட்டி பொய் சொன்னது. கப்பல் கரையிலேயே படுத்துவிட்டது.

ஏன் எடையைக் குறைத்துச் சொல்கிறார்கள்? சாலையில் எடை வரம்பு, கட்டணம், வரி, சில சமயம் வெறும் அலட்சியம். 'போன தடவை போட்ட அதே எண்ணைப் போடு' என்பதுகூட ஒரு காரணம்தான்.

இந்த விபத்துகளுக்குப் பிறகுதான் உலகம் விழித்தது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையில் திருத்தம் வந்தது. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது. சரக்கை அடைத்த பெட்டியை முழுதாக எடைபோடலாம். அல்லது உள்ளே வைக்கும் ஒவ்வொன்றையும் எடைபோட்டு, காலிப் பெட்டியின் எடையைக் கூட்டிக்கொள்ளலாம். எந்த வழியானாலும் பொறுப்பு சரக்கை அனுப்புகிறவருடையது.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைக் காட்டும்போது, வந்து குவியும் பண்டங்களில் சோழனின் புலி முத்திரை பொறிக்கப்படுவதைச் சொல்கிறது; அளக்க முடியாத அளவுக்குக் குவிந்தன என்கிறது. புலவருக்கு அளவின்மை செழிப்பு. இன்று முத்திரை இருக்கிறது, அளவும் இருக்கவேண்டும். அளக்காத பெட்டி ஆபத்து.

கடற்கரைக்கு வந்த பெட்டிகள்

எடை ஒரு பொய் என்றால், உள்ளே இருக்கும் பொருள் இன்னொன்று. அபாயகரமான சரக்கை ஒன்பது வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெட்டியின் பக்கங்களில் சாய்சதுர வடிவில் ஒரு அட்டை ஒட்டியிருக்கும். அமிலத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கக்கூடாது, எதை வெயிலில் வைக்கக்கூடாது, எதைத் தண்ணீர் படாமல் வைக்கவேண்டும் என்பதற்கெல்லாம் அட்டவணை உண்டு. அட்டையே ஒட்டாமல் வரும் பெட்டிக்கு எந்த அட்டவணையும் உதவாது.

2021 மே மாதம் 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' என்ற கப்பலில் நைட்ரிக் அமிலப் பெட்டி ஒன்று ஒழுகத் தொடங்கியது. கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அதை இறக்கக் கேட்டார்கள், நடக்கவில்லை. ஒழுகும் பெட்டியோடு கப்பல் கொழும்புக்கு வந்தது. மே 20 அன்று தீப்பிடித்தது. கப்பலில் 1,486 பெட்டிகள். ஜூன் மாதத்தில் அது மூழ்கியபோது, ஆயிரம் டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டியிருந்தன. இலங்கையின் மேற்குக் கரை மீனவர்கள் பல மாதம் வலையை மூலையில் போட்டார்கள். ஒரு பெட்டியை இறக்க இடமில்லை என்பதில் தொடங்கிய கதை அது.

நம் கரைக்கும் வந்தது. 2025 மே 24 அன்று கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குப் போன 'எம்.எஸ்.சி. எல்சா 3' சாய்ந்து, மறுநாள் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் உயிர் பிழைத்தார்கள். 640 பெட்டிகளில் 12-இல் கால்சியம் கார்பைடு இருந்தது. மாம்பழம் பழுக்கவைக்கத் திருட்டுத்தனமாக வைப்பார்களே, அதே கார்பைடு கல்தான். தண்ணீர் பட்டால் எரியும் வாயுவைக் கக்கும். கொல்லம், ஆலப்புழைக் கரைகளில் பெட்டிகள் ஒதுங்கின. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் அரிசி மணி போல வெள்ளை பிளாஸ்டிக் மணிகளைப் பொறுக்கி எடுத்தார்கள்.

நிலத்திலும் இதே கதைதான். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்தபோதுதான், சென்னை மணலியில் 37 கன்டெய்னர்களில் அதே பொருள் ஆண்டுக்கணக்கில் கிடப்பது ஊருக்குத் தெரிந்தது. உடனே அவற்றை அப்புறப்படுத்தினார்கள். பெட்டி மூடியிருந்தால் கேள்வியும் மூடிப்போகிறது.

இயந்திரம் பார்க்கும், மனிதன் சந்தேகப்படுவான்

இன்று வாசலிலேயே கேமரா பெட்டி எண்ணைப் படிக்கிறது. பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். எண்ணைத் தவறாக அடித்தால் கணினி கண்டுபிடித்துவிடும். விழிஞ்ஞத்தில், பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டின் கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். அந்த இருக்கைகளில் பக்கத்து ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்காக ஆண்களின் கோட்டையாக இருந்த துறைமுகத்துக்கு இது நல்ல செய்தி.

ஆனால் இலக்கம் சரி என்று சொல்லும் கணினிக்கு, எடை சரியா என்று சந்தேகப்படத் தெரியாது. பெட்டியின் அடியில் கசியும் ஈரத்தைப் பார்த்து நின்றுவிடுவது, ஒரு மூலை லேசாகத் தொங்குவதைக் கவனிப்பது, குளிர்ப் பெட்டியின் மோட்டார் சத்தம் மாறியிருப்பதைக் கேட்பது, இவையெல்லாம் வார்ஃபில் நிற்கும் மனிதனின் சொத்து. அந்தச் சொத்துக்கு மதிப்பு வேண்டுமென்றால், 'நிறுத்து' என்று சொன்னவரிடம் ஏன் தாமதம் என்று கேட்கக்கூடாது. மணிக்கு எத்தனை பெட்டி என்று மட்டும் கணக்கெழுதும் முனையத்தில், நிறுத்திய பெட்டிகளையும் ஒரு கணக்கில் எழுத வேண்டும்.

நான்கு கை மாறும் ஓர் எண்

திருப்பூரிலிருந்து புறப்படும் ஒரு பெட்டியின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடியில் சிறு கப்பலில் ஏறும். கொழும்பில் இறங்கும். அங்கே பெரிய கப்பலில் ஏறும். ராட்டர்டாமில் இறங்கும். நான்கு முறை கிரேன் தூக்குகிறது. மூன்று துறைமுகங்களில் நான்கு சூப்பர்வைசர்கள் நிற்கிறார்கள். மொழி வேறு, சம்பளம் வேறு, வெயில் வேறு. நால்வரும் நம்புவது ஒரே எண்ணை. முதல் நாள், முதல் அலுவலகத்தில், படிவத்தின் ஒரு கட்டத்தில் யாரோ அடித்த எண் அது.

அந்தக் கட்டத்தை நிரப்புகிறவர் இந்தக் கட்டுரையைப் படிப்பவராக இருக்கலாம். ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளராக, கிளியரிங் ஏஜென்ட்டின் உதவியாளராக, கிடங்கு மேலாளராக இருக்கலாம். போன தடவை எண்ணைத் திரும்ப அடிக்கும் முன் வண்டியை ஒருமுறை எடைமேடையில் ஏற்றுங்கள். ஏறி இறங்க ஆவது சில நிமிடம்.